இரண்டு படிக்கட்டும் ஒரு பூட்டும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணாடியை மாற்றினாயா என்று அறிய ஆவல்.

வீடுகளுக்கு வரைபடம் போடும் எங்கள் அலுவலகக் கணினிகளில் நீ ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டுக் கொடுத்தாய். "யார் எதை மாத்தினாலும் பழசு பத்திரமா இருக்கும் அத்தான்" என்றாய். பழசு பத்திரமாகத்தான் இருக்கிறது. புதுசுதான் சந்தி சிரிக்கிறது. கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பார்த்து, எந்த வகை 'எழுத்து', எந்த வகை 'படம்' என்று தீர்மானிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். எழுத்து என்றால் இருவர் திருத்தத்தையும் கருவியே சேர்த்துவிடும். படம் என்றால் ஒருவர் திறந்ததும் மற்றவருக்குப் பூட்டிவிடும். வீட்டு வரைபடக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். உள்ளே ஒரு கோடுகூட இல்லை, எழுத்தும் எண்ணும்தான். 'எழுத்து' என்று தட்டிவிட்டேன். உன் அக்கா அப்போதே வேண்டாமென்றாள். அவள் சொல்லை நான் என்றைக்குக் கேட்டேன்?

பல் டாக்டர் வீட்டுப் படிக்கட்டை நான் கூடத்துக்கு நகர்த்தினேன். அதே நேரம் அவள் தன் கணினியில் அதைச் சமையலறைப் பக்கம் நகர்த்தினாள். கருவி இருவர் மனமும் கோணாமல் இரண்டையும் வைத்துவிட்டது.

"இந்தப் படி எங்க போகுது?" என்றார் டாக்டர்.

"மாடிக்கு சார்."

"அப்ப இது?"

"அதுவும் மாடிக்குத்தான்."

"பாத்ரூமைக் காணோமே?"

அவரிடம் வந்து வாயே திறக்காத முதல் ஆள் நான்தானாம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். கூடத்தில் படிக்கட்டு என்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

பயந்துபோய் வரைபட வகையைப் 'படம்' ஆக்கினேன். உன் அக்கா அதைத் திறந்து பூட்டிக்கொண்டு, மடிக்கணினியோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால், "நான் மூடுற வரைக்கும் அது என்னோடது. உங்க கருவிதானே சொல்லுது?" என்கிறாள். அவள் இல்லாமல் இந்த அலுவலகம் ஒரு நாள்கூட ஓடாது. மாலைத் தேநீர் இனி என் பொறுப்பு. எந்த வகைக்கு எது என்று நீயே முடிவு செய்து உடனே சொல்.

உன் வேலையும் உடம்பும் செழிக்க வாழ்த்தும்,
அத்தான்

பி.கு.: இதை அச்செடுத்த தாளின் அடியில் பேனாவால் எழுதுகிறேன். பழக்கதோஷத்தில் கடிதத்தையும் கருவியில் வைத்தேன். கடிதம் 'எழுத்து' வகை, உன் அக்காவின் திருத்தமும் சேர்ந்துவிட்டது. சொல் கேட்காதவன், பைத்தியக்காரத்தனம், தேநீர், இந்த மூன்றையும் நான் எழுதவில்லை. நீக்கப் போனால், கடித வகையையும் 'படம்' ஆக்கிப் பூட்டியிருக்கிறாள். வரைபடத்தை அவளே திருத்தி டாக்டருக்கு அனுப்பிவிட்டாள். படிக்கட்டு ஒன்றுதான், எந்தப் பக்கம் என்று கேட்காதே. 'அவள் இல்லாமல் ஓடாது' என்பது மட்டும் நான் எழுதியது. அதில் அவள் கைவைக்கவே இல்லை.