எண்ணெயோடு நின்ற நாற்பது பேரும் முந்நூற்றுப் பதினொரு தடவையும்

தென்காசி,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாமா சங்கரபாண்டி அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை மணிகண்டபிரபு தலை குனிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தை முப்பிடாதியம்மாளும் திருவேங்கடத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாரல் சுகமாக இருக்கிறது. என்னைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

சங்கரேஸ்வரி தங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். போனில் நான் வாயெடுத்த போதெல்லாம், "வாய்ப்பேச்சு வேண்டாம் மாப்ளே, என்ன நடந்துச்சுன்னு எழுத்துல குடுங்க. படிச்சுப் பாத்துட்டுப் பிள்ளைய அனுப்புததப் பத்திப் பேசுவோம்" என்றீர்கள். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் விளக்கக் கடிதம் வாங்கிய கை தங்களுடையது. அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நானும் அவளும் ஒரே கம்பெனியில் ஒரே குழுவில் வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. குற்றாலத்து லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்கிற மென்பொருள் எங்களுடையது. ஒரே நிரலை ஆளுக்கொரு நகல் வைத்துத் திருத்துவோம். ஒரே வரியை அவள் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் மாற்றிவிட்டால், கம்ப்யூட்டர் மேற்கொண்டு நகராமல் நின்றுவிடும். இதற்கு மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்று பெயர். தங்கள் ஆபீஸில் ஒரே கோப்பின் இரண்டு நகலை இரண்டு கிளார்க்குகள் திருத்திக் கொண்டுவந்தால், எந்த வரி நிற்க வேண்டும் என்று தாசில்தார் சொல்வார் இல்லையா? எங்கள் குழுவில் ஆறு வருடமாக அந்தத் தாசில்தார் நான்.

இந்த வேலையை மெஷினிடம் விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். பழைய கான்ஃப்ளிக்டுகளை எப்படித் தீர்த்தோம் என்று மொத்தமாகக் கொடுத்தால் அது படித்துக்கொண்டு, இனிமேல் தானே தீர்த்துவிடும். "மனுசன் முடிவு பண்ணினாத்தான் ஒரு பக்கம் சாய்வான். மெஷினுக்கு மாமனாரா மச்சானா?" என்று கூட்டத்தில் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். சங்கரேஸ்வரி மட்டும் தட்டவில்லை. கையில் டீ கிளாஸ் இருந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சீசன் வந்தது. லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் அனுப்புவதும் எங்கள் மென்பொருள்தான். எத்தனை மணிக்கு அனுப்புவது என்கிற வரியில் நான் ஐந்தரை மணியை ஆறு மணி என்று மாற்றினேன், அவ்வளவுதான். அதே வரியில் அவள், அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார், போட்டிருந்தால் ஆள் அனுப்பாதே என்று எழுதியிருந்தாள். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கலாம். மெஷின் அவளுடையதைத் தூக்கி எறிந்துவிட்டு என் ஆறு மணியை வைத்துக்கொண்டது. மறுநாளே மலையில் மழை கொட்டி, அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடையும் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரே கூப்பிடுகிறது, தடையை எடுத்திருப்பார்கள் என்று நம்பி, எண்ணெய்க்காரர்கள் சரியாக ஆறு மணிக்கு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு மணிக்கு லாட்ஜ் முதலாளி ஜெபசிங் அண்ணாச்சி போன் பண்ணுகிறார்:

"ஏ தம்பி, நாப்பது பேரு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயோட நிக்காவ! அருவிப் பக்கம் போனா போலீசு விசில் ஊதி வெரட்டுதாவ. இங்கன மாடித் தொட்டில தண்ணி தீந்து போச்சு. வராண்டாவுல ஒருத்தர் மேல ஒருத்தர் வழுக்கி விழுதாவ. நான் யாரைன்னு புடிப்பேன்? புடிச்சாலும் கையில நிக்க மாட்டுக்காவளே!"

இரண்டு மூட்டை சீயக்காயோடு ஓடினேன் மாமா. ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாடிப்படியில் பேப்பரை விரித்து அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அன்றைய தலைப்புச் செய்தி அவர் முதுகில் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுகூடப் பெரிய அவமானம் இல்லை.

பெரிய அவமானம் திங்கட்கிழமை கூட்டத்தில். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆஷிகா, அது ஏன் அப்படிச் செய்தது என்று தோண்டி எடுத்துப் பெரிய திரையில் போட்டாள். "சார், இது நிரலைப் படிக்கவே இல்ல சார். எது யாரு எழுதினதுன்னு மட்டும்தான் பாக்குது. உங்களத்தான் சார் படிச்சிருக்கு" என்றாள். எனக்கும் சங்கரேஸ்வரிக்கும் நடந்த கான்ஃப்ளிக்ட் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் முந்நூற்றுப் பதினொன்றில் நின்றது என் வரி.

சங்கரேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஒண்ணு என்னைக்கு?"

ஆஷிகா தேடிப் பார்த்தாள். "சார் அன்னைக்கு லீவு மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நான் தரையில் கிடந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் தங்கள் ஊருக்குப் பஸ் ஏறும்போது அவள் சொன்னாள்: "மெஷின் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆறு வருசமா நான் என்ன எழுதினேன்னு நீங்க படிச்சுக்கூடப் பாக்கலியே. அதான் தாங்கல."

இந்தப் பன்னிரண்டு நாளில் அந்த முந்நூற்றுப் பதினொன்றையும் உட்கார்ந்து படித்தேன். நூற்றுத் தொண்ணூறில் அவள் சொன்னதுதான் சரி. மீதியிலும் பாதிக்கு இரண்டையும் சேர்த்து வைத்திருக்கலாம். வீட்டை நினைத்தால் இன்னும் கூசுகிறது. அவள் பிடித்துப்போய்ச் சொன்னது மேலகரத்து வீடு, குடியிருப்பது நான் சொன்ன ஆபீஸ் தெருவில். அங்கேயும் தாசில்தார் நானாகத்தான் இருந்திருக்கிறேன். யாரும் கேட்காததால் எனக்கே தெரியவில்லை. நல்ல புருஷன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் மாமா.

இனி என் வரியும் அவள் வரியும் ஒரே இடத்தில் வந்து நின்றால், அவளுடையதைக் கடைசி வரைக்கும் படிக்காமல் கை வைக்க மாட்டேன். இது சத்தியம். அவள் இல்லாத வீட்டில் நான் சொல்வதை மறுக்க ஆளில்லை, அது நன்றாகவே இல்லை. தாங்கள் மனம் வைத்து ஒரு வார்த்தை சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். குற்றாலத்தில் இருந்து நேந்திரம் சிப்ஸ் வாங்கி வருகிறேன், எண்ணெய் குறைவாகப் பார்த்து.

தங்கள் ஆசியை வேண்டி நிற்கும்,
மணிகண்டபிரபு.

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் சங்கரேஸ்வரியைக் கேட்டுவிடுவதுதான் முறை என்று, இதை அவளுக்குப் போனில் அனுப்பினேன். "நானும் என் பங்குக்கு ஒரு பத்தி சேத்திருக்கேன், அப்பா அதையும் படிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். முதல் வரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிதத்தின் ஓட்டம் கெட்டுவிடும் போலிருந்ததால், அதை எடுத்துவிட்டு என்னுடையதையே வைத்திருக்கிறேன்.