செவ்வாய்க்குப் போன பரந்தாமன்

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பரந்தாமன் பூமியை விட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

காரணம் இருந்தது. அவர் வீடு திருத்தணியில், சரவணப் பொய்கைக்குப் போகிற தெருவில் இருக்கிறது. வருஷம் முழுக்க அது ஒரு சாதாரண மாடி வீடு. கிருத்திகை வந்தால் சத்திரம். மனைவி தமயந்தியின் தம்பி தேசப்பன், பள்ளிப்பட்டிலிருந்து வேன் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவான். காவடி எடுப்பவர்கள், மொட்டை போடுபவர்கள், இரண்டும் இல்லாமல் சாப்பிட மட்டும் வருபவர்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் தூக்குவது, வெங்காயம் உரிப்பது, முட்டி வலிக்காரர்களைக் கைபிடித்து மலையேற்றுவது எல்லாம் பரந்தாமன். மாப்பிள்ளை என்றால் மாவு ஆட்டுகிற பிள்ளை என்று அந்தக் குடும்பத்துக்கு யாரோ பதம் பிரித்துச் சொல்லிவிட்டார்கள்.

அப்படியிருக்கையில்தான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறவர்கள் அங்கே எப்படி உடம்பையும் மனசையும் காப்பாற்றிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள, நாலு பேரைப் பூமியிலேயே ஒரு வீட்டுக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்திருக்கிறார்களாம். அவர்கள் வெளியே வரக்கூடாது. யாரும் உள்ளே போகக்கூடாது. சொந்தக்காரர்கள்கூட. அந்த இடத்தை மட்டும் பரந்தாமன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"தமயந்தி, நான் செவ்வாய்க்குப் போலாம்னு இருக்கேன்."

"செவ்வாய்க்கெழம இன்னாத்துக்குங்க? வெள்ளிக்கெழம போங்க. நல்ல நாளு."

"கெழம இல்ல. கிரகம்."

"அதத்தான் தெனமும் பாத்துகினு இருக்கேனே."

"வெளாட்டு இல்ல. டாக்டரு சக்கரை ஏறிகினே போவுதுன்னாரா இல்லியா? விண்வெளிக்காரனுக்கு அளவுச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், ஒடம்புக்குப் பயிற்சி. அதே மாரி மாடி ரூம்ல கிருத்திகை முடியற வரைக்கும் இருக்கப் போறேன். யாரும் வரக்கூடாது. நானும் எறங்க மாட்டேன். எறங்கினா ஆராய்ச்சி கெட்டுப்பூடும்."

சண்டைக்கு வேண்டிய பதில்களை எல்லாம் குளிக்கும்போதே தயார் செய்துவைத்திருந்தார். ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"ஆங், சரிங்க. ஒடம்புதான் முக்கியம். அந்த வீடியோவ என் போனுக்கு அனுப்புங்க" என்றாள் தமயந்தி.

பரந்தாமன் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். அவரோ சந்தோஷமாக அனுப்பிவைத்தார். தமயந்தியும் அடுத்த வீட்டு யோகலட்சுமியும் கீரை ஆய்ந்துகொண்டே அதை முழுசாகப் பார்த்தார்கள்.

வேன் வந்த அன்று காலை பரந்தாமன் பாயோடும் தலையணையோடும் மாடி ஏறினார். படியிலேயே தமயந்தி செல்போனை வாங்கிக்கொண்டாள். "அங்க ஏதுங்க டவரு?"

பசி எடுத்த நேரத்துக்கு ஒரு தட்டு வந்தது. அதில் அவல். பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர்.

"இன்னா இது?"

"காய்ஞ்ச சாப்பாடுதான் அங்க. வெந்நீர் ஊத்தி ஊற வெச்சித் தின்னணும். வீடியோல காட்னாங்களே. அப்புறம், குடிக்கிற தண்ணி எதுலேர்ந்து எடுக்கறாங்கன்னு பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். வேர்வையும் சிறுநீரும்தான், சுத்தம் செய்து, மறுபடியும். "அது மட்டும் வேணாம்" என்றார் அவசரமாக.

"சரி, பாவம்" என்று அதைத் தள்ளுபடி செய்தாள்.

கீழே உளுந்து வடை வேகிற வாசனை ஏறி வந்தது. சக்கரைக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே அவலை மென்றார். பிறகு கதவருகே வந்து, "தமயந்தி, ஒரு காபி" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு கீழிருந்து கேட்டது: "இன்னாங்க, காபியா கேட்டீங்க?"

"எப்பக் கேட்டது, இப்பச் சொல்ற?"

மறுபடி அமைதி. சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் நிதானமாக நகர்ந்தது. அப்புறம்: "கோச்சிக்காதீங்க. அங்கேர்ந்து இங்க பேச்சு வந்து சேரவே இருவது நிமிசம் ஆவுதாம்."

இருபது நிமிஷம் கழித்து வருகிற பதிலோடு யாராலும் சண்டை போட முடியாது. அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. காபியும்தான்.

மத்தியானம் தேசப்பனும் இன்னொருவனும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். கொல்லைப்புறத்தில் கிடந்த ஆட்டுக்கல்லை அறை வாசலில் இறக்கினார்கள். கூடவே ஊறவைத்த அரிசி ஒரு குண்டான், உளுந்து ஒரு குண்டான்.

"இன்னாடா தேசப்பா இது?"

"எடையே இல்லாத எடத்துல எலும்பு தேஞ்சிபூடுமாம் பாவா. தெனம் ரெண்டு மணி நேரம் பயிற்சி செய்யலன்னா திரும்பி வந்து நிக்கக்கூட முடியாதாம். அக்கா சொல்லுச்சி."

"எனக்குத்தான் எடை இருக்குதேடா."

"அதக் கொறைக்கத்தான பாவா போயிருக்கீங்க?"

பரந்தாமன் ஆட்டினார். வேன் நிறைய ஆட்களுக்கான மாவு. கீழே கிரைண்டருக்கு ஓய்வு.

மறுநாள் சின்ன வெங்காயம் ஒரு முறம் வந்தது. தனியாக இருப்பவர்களுக்கு மனசு ஒடிந்துபோகாமல் இருக்கக் கைவேலை வேண்டுமாம். உரித்தார். கண்ணீர் வழிந்தது. முறத்தை எடுக்க வந்த தேசப்பன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போய், பாவா தனிமை தாங்காமல் அழுகிறார் என்று சொன்னான். எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் பாயசத்துக்குக் கை நீட்டினார்கள்.

கிருத்திகை அன்று ஜன்னல் வழியே பார்த்தார். தெரு முழுக்க மஞ்சள் துணியும் புஷ்பக் காவடியும். அரோகரா சத்தம் மலை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. தன் வீட்டு ஆட்கள் கும்பலாகக் கிளம்புவதும் தெரிந்தது. வழக்கமாக அவர் கையைப் பிடித்துக்கொள்ளும் முட்டி வலி அத்தை, இன்றைக்குத் தேசப்பன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். யாரும் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பரந்தாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது வெங்காயம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் தமயந்தி, அர்ச்சனைக் கூடையோடு.

"எங்கங்க?"

"திரும்பி வந்துட்டேன்."

"நெனச்சப்ப வர முடியாதுங்களே. பூமியும் செவ்வாயும் தோதா வந்து நிக்கணும். அது வரைக்கும் அங்கியே காத்துகினு இருக்கணும்னு வீடியோல சொன்னாங்க."

"எப்ப நிக்கும்?"

"தேசப்பன் வேனு கெளம்பறப்ப."

பரந்தாமன் திரும்ப மாடி ஏறினார்.

வேன் போன பிறகு இறங்கி வந்தவருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சக்கரையைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகவே குறைந்திருந்தது. பட்ட பாட்டுக்கு ஒரு பலன் என்று பரந்தாமன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமயந்தி சுடச்சுடக் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"மூஞ்சே தெளிஞ்சிபோச்சிங்க. இம்மாம் வருசம் இது நமக்குத் தெரியாமப் போச்சே."

"நான்தான் சொன்னேன் இல்ல?" என்றார் பெருமையாக.

"ஆங். தைக் கிருத்திகைக்கு ரெண்டு வேனா கொண்டாரச் சொல்லிட்டேன் தேசப்பனாண்ட."

பரந்தாமனுக்குக் காபி புரையேறியது. "மறுபடியும் மேல போவணுமா நான்?"

"நீங்க எதுக்குங்க? அந்த தபா நான் போறேன்."