என் தொப்பையின் சமூகக் காரணங்கள்

என் தொப்பைக்கு நான் பொறுப்பல்ல என்று நிரூபித்தே தீருவதென ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். வேறு வழியில்லை. என் சாய்வு நாற்காலிக்கும் சிப்ஸுக்கும் ஆபத்து வந்திருந்தது.

எல்லாம் என் மனைவியின் படிப்பால் வந்த வினை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். படிப்பும் லேசுப்பட்டதல்ல. சமூக அறிவியல் பாதி, உடம்பைப் பேணும் நல அறிவியல் பாதி, இரண்டும் சேர்ந்து ஒரே பட்டம். என்னைச் சமாளிக்க ஒரு பாதியே தாராளம்.

கடைசி வருடத்தில் அவளுக்கு ஒரு செய்முறை வேலை கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தில் உடம்பைக் கெடுக்கும் பழக்கம் ஒன்றை மாற்றிக் காட்ட வேண்டும். பேராசிரியை வீட்டுக்கே வந்து பார்ப்பார். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. கெட்ட பழக்கம் தேடி அவள் ஊரெல்லாம் அலையவில்லை. கூடத்துக்கு வந்தாள், என்னைப் பார்த்தாள். நான் டிவிக்கு நேரே சாய்ந்து, சிப்ஸ் கிண்ணத்தை வயிற்றின் மேல் வைத்திருந்தேன். தொப்பையால் எனக்கு அது ஒரு சௌகரியம், தனியாக மேஜை வாங்க வேண்டியதில்லை.

“நாளைலேர்ந்து சிப்ஸ் கிடையாது. காலைல நடக்கப் போறீங்க,” என்றாள்.

நான் அசரவில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன் நான். எந்தப் புகார் வந்தாலும் தப்பு வேறு பிரிவுடையது என்று காட்டுவதுதான் என் உத்தியோகம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். நல அறிவியல் முழுக்க எனக்கு எதிராகவே எழுதியிருந்தது. சமூக அறிவியலுக்கு வந்ததும் கண் கலங்கிவிட்டது. உடம்பு கெடுவதற்கு ஒருவனை மட்டும் குற்றம் சொல்லக் கூடாதாம், அவன் வாழும் சூழலையும் பார்க்க வேண்டுமாம். பெற்ற தாய்கூட எனக்காக இப்படி வாதாடியதில்லை.

“இந்தத் தொப்பை என்னோடது இல்ல. சமூகத்தோடது. நான் சும்மா சுமந்துக்கிட்டுத் திரியறேன்,” என்று புத்தகத்தை அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க சொல்றது சரிதாங்க. உங்க மேல தப்பே இல்ல.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டறியாத வாக்கியம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் இன்னொரு பிடி சிப்ஸ் அள்ளிக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால் நாற்காலியைக் காணோம். கீழ்வீட்டுத் தையல் டீச்சருக்குக் கொடுத்தாகிவிட்டது, வீட்டிலிருந்த மற்ற இருக்கைகளோடு சேர்த்து. டிவி சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கியது. நின்றபடிதான் பார்க்க முடியும். சும்மா நிற்கிறவன் கை எத்தனை நேரம் சும்மா இருக்கும்? செய்தி முடிவதற்குள் தட்டெல்லாம் கழுவியிருந்தேன். சேனல் மாற்றலாம் என்றால் ரிமோட் கீழே வாசல் காவலாளியிடம் இருந்தது. நாங்கள் இருப்பது நான்காவது மாடி.

“என்னடி இதெல்லாம்?” என்றேன்.

“உங்களை நான் ஒண்ணும் பண்ணலையே. சூழலைத்தானே மாத்தறேன்,” என்றாள், பரம சாதுவாக.

ரிமோட்டை வாங்கப் படியிறங்கினேன். திரும்ப லிஃப்டில் ஏறப் போனால் காவலாளி சலாம் வைத்துக் குறுக்கே நின்றார். “மன்னிச்சுக்குங்க சார். லிஃப்ட் இப்ப உங்க சூழல்ல இல்ல.” குடியிருப்பில் எல்லோரையும் கூட்டிவைத்து அவள் பேசியிருக்கிறாள். ஏகமனதாகக் கை தூக்கியிருக்கிறார்கள். தையல் டீச்சர் இரண்டு கையையும் தூக்கினாராம். அவருக்கென்ன, உட்கார நாற்காலி வந்துவிட்டது.

பேக்கரிக்காரர் என் நம்பிக்கைக்குரியவர். நான் தெருமுனையில் திரும்பும்போதே க்ரீம் பன்னைப் பொட்டலம் கட்டிவிடுவார். அவரே என்னைக் கண்டதும் தட்டை உள்ளே தள்ளினார். “உங்களுக்கு வித்தா நான் சமூகக் காரணி ஆயிடுவேனாம் சார். அம்மா சொன்னாங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்,” என்றார்.

நாளாக ஆக பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. மனதுக்குள் நான் குமைந்தேன். வாதத்தில் ஜெயித்தவன் நான், வீட்டை இழந்தவனும் நான். சூழல் என்று சொன்னதால்தானே இத்தனையும்? தப்பு முழுக்க என்னுடையது என்று பேராசிரியை எதிரிலேயே ஒத்துக்கொண்டால் அவள் செய்முறை அடியோடு கவிழும், நாற்காலி வீடு திரும்பும். அவள் பட்டத்தை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. நாற்காலியை நினைத்தேன், பாவம் பறந்துவிட்டது.

பேராசிரியை வந்தார். உட்கார இடமில்லாததால் சமையலறையில் டிவியைப் பார்த்தபடி நின்றார். சற்று நேரத்தில் அவர் கையிலும் ஒரு தட்டு ஏறியிருந்தது.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “மேடம், சூழல், சமூகம் எல்லாம் சுத்தப் பொய். பேக்கரிக்காரர் நிரபராதி. தின்னது நான். படுத்துக் கிடந்தது நான். இந்தத் தொப்பைக்கு முழுப் பொறுப்பும் நான்தான்.”

பேராசிரியை தட்டைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். காவலாளி லிஃப்ட் கதையைச் சொன்னதுமே சமூக அறிவியல் பாதிக்கு வாசலிலேயே முழு மதிப்பெண் போட்டுவிட்டாராம். நல அறிவியல் பாதிக்குத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம். தன் உடம்புக்குத் தானே பொறுப்பு என்று ஒருவர் தானாக உணர்ந்து சொல்வதுதான் அதில் கடைசிப் படியாம். அதுவரை கொண்டுவந்த மாணவியை அவர் பார்த்ததே இல்லையாம்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அலமாரியைத் திறந்து ஒரு புது ஷூ பெட்டியை எடுத்தாள்.

“போட்டுப் பாருங்க. காலைல நடக்கக் கிளம்பணும். நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு போன மாசமே வாங்கி வச்சுட்டேன்.”

அளவு கச்சிதமாக இருந்தது.