ரொட்டிக்கடை சம்பந்திக்கு, பேக்கன் விஷயமாக

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மகள், தங்கள் மகனாகிய மாப்பிள்ளை, நம் இருவருக்கும் பொதுவான பேத்தி ஆகிய நால்வரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், தங்கள் கடையின் பெரிய அடுப்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் இடுப்புவலி குறைந்ததா? சம்பந்தி அம்மாவின் புதுக்கண்ணாடி பழகிவிட்டதா?

மேலே நால்வரும் நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மை நிலவரத்தை இனி எழுதுகிறேன். தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.

தங்கள் மகன் ரொட்டி சாப்பிடுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது.

ஐந்து மாதத்துக்கு முன்பு மாப்பிள்ளையின் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. அங்கே எடை பார்த்த நர்ஸ் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியதோடு நிற்காமல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சார், இயந்திரத்து மேல ஒருத்தர்தான் ஏறணும்" என்று தமாஷாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அது உறைத்துவிட்டது. அவருடைய பிரிவில் ஒல்லி என்று ஒருவர் இருக்கிறார், முன்பு குண்டு என்று கூப்பிடப்பட்டவர், அவர் உடனே மாப்பிள்ளையைத் தனியே கூட்டிக்கொண்டு போய் கீட்டோ என்ற ஒன்றைக் காதில் ஓதி அனுப்பிவிட்டார். அதன் சாரம் என்னவென்றால், மாவும் சர்க்கரையும் விஷம், கொழுப்பு மருந்து. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அரிசி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பிஸ்கட் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். மேஜையில் இருந்த வாழைப்பழத்தைக்கூட இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார். "என்ன மாப்பிள்ளை, பழம்தானே?" என்றேன். "பழம்னு நீங்க நினைக்கிறீங்க மாமா. அது இருபத்தேழு கிராம் கார்ப்" என்றார். கார்ப் என்றால் மாவுச்சத்தாம். கெட்டது கொழுப்பு இல்லையாம், மாவுதானாம். உங்களை வளர்த்து ஆளாக்கியதே மாவுதானே மாப்பிள்ளை என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் வீட்டில் இருந்துகொண்டு அவரிடமே எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் பேக்கன் வந்தது. தாங்கள் பார்த்திருப்பீர்கள், உப்புப் போட்டுப் புகையில் வாட்டிய பன்றி இறைச்சி, ரிப்பன் மாதிரி நீளநீளமாக, சிவப்பும் வெள்ளையும் கோடுகோடாக. ருசியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சத்தமும் புகையும்தான். காலை ஆறரைக்கு வாணலியில் போட்டால் அது பெருமழை தகரத்தில் விழுவது போல் கத்துகிறது. முதல் நாளே மாப்பிள்ளை ஒரே நேரத்தில் பதினாறு துண்டு போட்டு, ஜன்னலைத் திறக்க மறந்து, புகை கூடத்தைத் தாண்டி மாடிப்படிக்குப் போய், கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. நாலு மாடிக்காரர்களும் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடினோம். கட்டடச் செயலாளர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். மூன்றாம் மாடித் தையற்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடும் கையில் யாருடையதோ பாதி தைத்த சட்டையோடும் நின்றார். தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் குழாயோடு மாடி ஏறும்போது, எதிரே தங்கள் மகன் தட்டோடு இறங்கி வருகிறார். "மன்னிச்சுக்கோங்க, தீ இல்ல, டிஃபன்" என்றார். பிறகு எல்லோரும் முறைத்ததைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை நீட்டி, "யாருக்காவது வேணுமா?" என்றார். எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஆனால் செயலாளர், சம்பந்தி, திட்டப்போகிறார் என்று நான் பயந்த அதே செயலாளர், நுரை படாத பக்கமாக இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இதுல கார்ப் இல்லியா?" என்று கேட்டார். இப்போது இந்தக் கட்டடத்தில் ஏழு வீட்டில் காலை ஆறரைக்கு மழை பெய்கிறது.

அது போகட்டும். அலுவலகத்தில் பசிக்கும்போது தின்ன என்று மாப்பிள்ளை நாலு துண்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார். முதல் வாரம் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரு நாய் போனது. அடுத்த வாரம் மூன்று. ஒருநாள் அவற்றில் ஒன்று பஸ்ஸிலேயே ஏறிவிட்டது. கண்டக்டர், "சார், உங்க நாய்க்கு டிக்கெட்?" என்று கேட்க, இவர் "என் நாய் இல்லைங்க" என்று சொல்ல, அது இவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்ததாம். யார் நம்புவார்கள்? இரண்டு பேரும் பாதி வழியில் இறக்கி விடப்பட்டார்கள்.

பேத்தியின் ஏழாவது பிறந்தநாளை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கேக்கை நானே செய்கிறேன் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தார். முட்டையும் சீஸும் வெண்ணெயும் சேர்த்து வட்டமாக ஒன்று செய்து, சுற்றிலும் பேக்கனை ரோஜாப்பூவாகச் சுருட்டி வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பதினோரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். மெழுகுவர்த்தி ஊதி, பாட்டுப் பாடி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். ஒரு வாண்டு, "அங்கிள், இதுல இனிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டது. மாப்பிள்ளை அதோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சுவரில் ஒரு அட்டையை மாட்டி, சர்க்கரை ரத்தத்தில் என்ன செய்கிறது என்று இருபது நிமிடம் விளக்கினார். மூன்று பிள்ளைகள் அழுதன, ஒன்று தூங்கிவிட்டது, ஒரு தாயார் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேத்தி என் காதருகே வந்து, "தாத்தா, அடுத்த பிறந்தநாளுக்கு நான் உங்க ரூம்ல இருந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைதான் என் பிரச்சினை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்சல் வண்டிக்காரரிடம் தாங்கள் கொடுத்தனுப்பும் இரண்டு பெரிய ரொட்டிகள், சூடு ஆறுவதற்குள், அந்தப் பழுப்புக் காகிதப் பையில் வந்து சேருகின்றன. முதல் வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளையைக் கேட்டேன், அப்பாவிடம் சொல்லிவிடுங்களேன் என்று. மனிதர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "வேணாம் மாமா. நாற்பது வருஷமா மாவு பிசையிற கை. ரொட்டி வேணாம்னு சொன்னா, அவரையே வேணாம்னு சொன்ன மாதிரி எடுத்துப்பாரு. நீங்க சாப்பிட்டுடுங்க. அவருக்குத் தெரியவே வேணாம்" என்றார். மகளுக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் காபியே இறங்காது. பேத்தி மேல்தோலை மட்டும் பிய்த்துத் தின்பாள். மிச்சம் யார்? நான்தான். வாரம் இரண்டு ரொட்டி, சம்பந்தி. ஐந்து மாதம்.

சாப்பிட்டதோடு முடிந்தால் சரி. வியாழக்கிழமை சாயங்காலம் தாங்கள் போன் செய்து, "இந்த வாரம் எப்படிப்பா இருந்துச்சு? மேல்தோல் மொறுமொறுன்னு இருந்துச்சா?" என்று கேட்கிறீர்கள். ருசி பார்க்காத மனிதர் என்ன சொல்வார்? போனை மேஜையில் வைத்து சத்தத்தைக் கூட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவேன். "உப்பு ஒரு சிட்டிகை கூட." அவர் அதை அப்படியே வாசிப்பார். "நடுவில் லேசாக ஈரம்." வாசிப்பார். போன மாதம் தாங்கள், "என்னா நாக்குடா உனக்கு! இவ்ளோ நுணுக்கமா எவன் சொல்லுவான்? எனக்குப் பின்னாடி இந்தக் கடை உன் நாக்குலதாண்டா நிக்கும்" என்று சொன்னீர்கள். மாப்பிள்ளை சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தலையைத் திருப்பிக்கொண்டேன். என் காரணம் வேறு. சம்பந்தி, அது என் நாக்கு. முப்பத்துநாலு வருடம் அரசு உத்தியோகத்தில் எவரும் என் எந்த உறுப்பையும் இப்படிப் பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டு என் கண்ணெதிரே வேறொருவர் பேரில் எழுதப்பட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு வாரமும் பை வந்ததும் மாப்பிள்ளை அதைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு, ஒரு நிமிடம் முகர்ந்துகொண்டே நிற்பார். பிறகு மடித்து என்னிடம் கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

இனி என் உடம்பு. தாங்கள் அறிவீர்கள், நான் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தே காலம் தள்ளியவன். மாப்பிள்ளை வாங்கி வைத்த எடை மெஷின் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். ஒருநாள் யாரும் இல்லாதபோது, எனக்குப் பிரிவு உபசாரத்தில் கொடுத்த ஐந்து கிலோ எடைக்கல் இரண்டையும் அதன்மேல் வைத்தேன். எட்டு என்று காட்டியது. இரண்டு கிலோ குறைவு! ஒரு கடையில் கண்டிருந்தால் அங்கேயே பூட்டிச் சீல் வைத்திருப்பேன். மாப்பிள்ளையோ இந்த மெஷின் காட்டிய எண்பத்துநாலை அலுவலகத்துத் தொண்ணூற்றிரண்டிலிருந்து கழித்து, எட்டு கிலோ குறைந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆறுதான் மாப்பிள்ளை" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள்தான் வந்து, "ஏன்ப்பா, ரிட்டையர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. ஒரு மெஷினைக்கூட நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?" என்றாள். அப்புறம் நானும் ஏறிப் பார்த்தேன். மெஷின் குறைத்துக் காட்டும் இரண்டு கிலோவைக் கூட்டிக் கணக்குப் போட்டேன். நான் ஏறியிருப்பது சரியாக ஆறு கிலோ. ஆக, இந்த வீட்டிலிருந்து ஒரு கிராம்கூட வெளியே போகவில்லை, சம்பந்தி. ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். என் காற்சட்டை ஒன்றுக்கும் பொத்தான் போட வரவில்லை. மூன்றாம் மாடித் தையற்கார அம்மா நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அய்யா, நீங்க மட்டும் அந்த டயட்ல இல்லையா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் தாங்கள் இங்கு வந்து பத்து நாள் தங்கப்போவதாக மகள் சொன்னாள். தங்கள் எதிரே உட்கார்ந்து எப்படிச் சீட்டு எழுதிக் காட்டுவது? ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, தாங்கள் வந்ததும் தந்தை என்ற உரிமையில் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு துண்டு ரொட்டியாவது தின்னச் செய்ய வேண்டும். இல்லையென்றால் ரொட்டி அனுப்புவதையே நிறுத்திவிட வேண்டும். எனக்குப் பொய் ஒத்துக்கொள்ளாது. ஒரு குடும்பம் என்றால் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கவேண்டும் என்பது என் கொள்கை.

இந்தக் கடிதத்தில் தப்பாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருள்க. தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், அடுப்புக்குக் குறையாத சூடும், கடைக்குக் குறையாத கூட்டமும் வாய்க்க வாழ்த்துகிறேன். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடித உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது சம்பந்தி அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று ஆரம்பித்தார்கள். மருத்துவர் சொல்லித் தாங்கள் ஆறு மாதமாக ரொட்டியை வாயில் வைப்பதில்லையாம். தட்டிப் பார்ப்பீர்களாம், முகர்ந்து பார்ப்பீர்களாம், அவ்வளவுதானாம். காலையில் மூன்று முட்டையும் நாலு துண்டு பேக்கனுமாம். ரொட்டிக்கடைக்காரன் ரொட்டி தின்பதில்லை என்று தெரிந்தால் கடைக்கும் கெட்டபேர், மகனும் சிரிப்பான் என்று மறைக்கிறீர்களாம். "ருசி பாக்க முடியாமத்தான் அண்ணா வாராவாரம் மகனுக்கு அனுப்பிட்டுப் போன்ல கேக்கிறாரு. அவன் சொல்றத வெச்சுத்தான் அடுத்த வாரம் உப்பு போடுறாரு" என்றார்கள்.

இதைத் தங்களிடம் சொன்னதற்காக என்னை மன்னிக்கவும், அவர்களைக் கோபிக்க வேண்டாம். போனை வைத்தபிறகுதான் எனக்கு விளங்கியது. அப்படியானால் தங்கள் கடைக்கு வரும் அத்தனை சனங்களும் ஐந்து மாதமாக என் நாக்கின்படிதான் ரொட்டி தின்கிறார்கள். நீங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் எனக்கு ரொட்டி வராது. யோசித்துப் பார்த்தேன். குடும்பம் என்றால் கொஞ்சம் மறைவும் வேண்டியதுதான்.

ஆகையால் மேலே எழுதிய பக்கங்கள் எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். பதினோரு பக்கத்தைக் கிழிக்க எனக்கு மனம் வராததால் அனுப்புகிறேன், தாங்கள் கிழித்துவிடவும். பத்து நாளும் ஒன்றும் சிரமம் இருக்காது. மாப்பிள்ளை ஆறரைக்குப் பேக்கன் சாப்பிட்டுவிட்டு ஏழேகாலுக்குக் குளிக்கப் போவார், இருபது நிமிடம் ஆகும், தங்களுடையதை அப்போது நான் வாட்டித் தருகிறேன். சாப்பாட்டு மேஜையில் இருவர் தட்டிலும் ரொட்டி இருக்கும், இருவரும் என் பக்கமாகத் தள்ளினால் போதும், நான் யாரையும் பார்க்க மாட்டேன். இந்த வாரம் உப்பு சரி. மேல்தோல் மட்டும் இன்னும் இரண்டு நிமிடம் அடுப்பில் இருந்திருக்கலாம். இதை வியாழக்கிழமை போனில் தங்கள் மகன் சொல்வார். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பது போல் சந்தோஷப்படவும்.