கொண்டை ஊசி வளைவில் ஒரு படகுப் பாட்டு

சிலருக்கு வாய் சும்மா இருந்தால் மூளை வேலை செய்யும். எனக்கு வாய் சும்மா இருந்தால் எல்லாமே நின்றுவிடும். தும்மினால்கூட முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் வரும். (என் மனைவி செல்வியைக் கேட்டால் நாலு என்பாள்.) அப்படிப்பட்டவன், தோற்றால் ஒரு மாதம் பேசக் கூடாது என்று விதி வைத்திருந்த விளையாட்டில் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. புத்திதான் பதினேழில் பிரேக் பிடித்து நின்றிருந்தது.

நாங்கள் மூன்று பேர். ரபீக், பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, ஷார்ஜாவில் துணிக்கடையில் வேலை. சுகந்தி, முதலமடையில் மாந்தோப்புக்காரி. லாரியில் கூடை ஏற்றச் சொல்லிக்கொண்டே காதில் இயர்போனோடு விளையாடுவாள். மூன்றாவது, பள்ளிவாசல் என்கிற மலையூரில் ஜீப் ஓட்டும் நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு பழைய பாட்டின் வீடியோவுக்குக் கீழே, அதில் வருவது வீணையா சிதாரா என்று சண்டை போட்டுப் பழகினோம். (வீணைதான். இன்றைக்கும் சொல்வேன்.)

ஆட்டம் எளிது. சினிமாவோ சீரியலோ விளம்பரமோ, ஏதாவது ஒன்றின் ஆரம்ப இசையை வார்த்தையே இல்லாமல் வாயால் வாசிக்க வேண்டும். மற்றவர் கண்டுபிடித்தால் வாசித்தவருக்கும் கண்டுபிடித்தவருக்கும் புள்ளி. மூன்று தடவை வாசித்தும் தெரியவில்லையென்றால் வாசித்தவன் வாயில்தான் கோளாறு. கடைசியில் நிற்பவர் ஒரு மாதம் குழுவில் கேட்கலாம், பேசக் கூடாது. அந்தத் தடவை கடைசியில் நின்றது நான். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், போனுக்குச் சிக்னல் கிடையாது. கிடைப்பது மேலே கொண்டை ஊசி வளைவில், ஒரு கல்மேடைக்குப் பக்கத்தில் மட்டும். சுடுகாட்டுக்குப் போகிறவர்கள் பாடையைச் சற்று இறக்கி வைப்பதற்காகப் போட்ட மேடை அது. கூட வரும் பெண்கள் அதுவரை வந்து திரும்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் அது என்னுடைய ஆபீஸ்.

அன்று காலை அடுத்த லயத்து மாடசாமி அண்ணாச்சி தவறிவிட்டார். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், பேச்சுக் குறைவு. (நானும் அவரும் நன்றாக ஒத்துப்போனதற்கு அதுவே காரணம்.)

"நாலு மணிக்கு எடுக்காங்களாம். வெளயாட்டுலயே கெடக்காம நேரத்தோட வந்துருங்க, என்ன?" என்றாள் செல்வி.

"மூணு மணிக்கு ஆட்டம். பதினஞ்சு நிமிஷ வேலை. நான் வந்துதான் தூக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்கு என்னதான் தெரியாது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜீப்பை வளைவில் நிறுத்தினேன். டீக்கடை அந்தோணி, "இன்னிக்கு மஞ்சு கொஞ்சம் ஸ்ட்ராங்காத்தான் போட்டிருக்கான்" என்று மூடுபனியைப் பார்த்துச் சொன்னார். எங்கள் ஊர்ப் பனி மேலிருந்து இறங்காது. பக்கத்தில் வந்து தோளில் கை போடும். முதலில் எதிர்மலை போயிற்று. பிறகு தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக எழுந்து போயின. கடைசியில் ஜீப்பின் பானெட்டும் நானும் மட்டும், பால் ஏரியில் மிதக்கிற மாதிரி.

நான் எடுத்து வைத்திருந்தது ஒரு படகுப் பாட்டு. என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அப்புறம் இதை யார் படிப்பது? முதலில் ஒரு புல்லாங்குழல், அக்கரையிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி. பிறகு சின்னச் சின்ன மணிகள். பிறகு வயலின்கள் தண்ணீராகப் பரவும்; துடுப்புத் தாளத்தில் தபலா சேரும்.

இயர்போனை மாட்டி, குழுவை அழைத்து, கண்ணை மூடி வாசித்தேன். வயலினுக்கு மூக்கு, தபலாவுக்கு பானெட்.

"ஏனுங்ண்ணா, அந்த மழைப் பாட்டுங்களா?" என்றாள் சுகந்தி.

"தப்பு. முருகண்ணே, ரெண்டாவது தடவை" என்றார் ரபீக். அன்றைக்கு விடையை முன்பே வாங்கி வைத்திருந்த நீதிபதி அவர். நீதிபதியாக இருக்கும்போது அவருக்கே இரக்கம் காட்ட மாட்டார்.

இரண்டாவது தடவை மணிகளைத் தெளிவாகக் கொடுத்தேன்.

"ஐஸ் வண்டி விளம்பரம்!"

"ஏம்மா, ஒனக்கு மனசாட்சியே கிடையாதா?"

"இருக்குதுங்ண்ணா. மணிச் சத்தம் அப்படியே ஐஸ் வண்டிங்க."

மூன்றாவது தடவை. ஒரு மாத மௌனம் கண்முன் நின்றது. எழுந்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். புல்லாங்குழலை நீட்டினேன், மணிகளை ஒவ்வொன்றாக உதிர்த்தேன், இல்லாத துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து, வலித்தேன். காலடியில் சாலை அசைந்தது. சத்தியமாக நான் பள்ளிவாசலில் இல்லை. ஏதோ ஒரு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

"இது அந்தப் படகுப் பாட்டுல்லா?" என்றது ஒரு பெண்குரல்.

"கரெக்ட்! கரெக்ட்!" என்று கத்தி, முஷ்டியை உயர்த்தி, ஒரு முழ உயரம் குதித்துத் திரும்பினேன்.

பனி கொஞ்சம் விலகியிருந்தது. கல்மேடைமேல் பாடை. பாடைமேல் மாலைகளுக்கு நடுவில் மாடசாமி அண்ணாச்சி. சுற்றிலும் ஊர். மழை வரும் போலிருக்கிறதென்று சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். லயத்திலிருந்து எனக்குப் போன் போட வழியில்லை. மேளக்காரர்கள் பனியில் கீழேயே மாட்டிக்கொண்டதால் சத்தமில்லாமல் நடந்து வந்திருக்கிறார்கள். பெண்கள் கூட்டத்தில் செல்வி நின்றாள். அவள் முகத்தை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. குழந்தைகளும் படிக்கலாம்.

என் முஷ்டி இன்னும் மேலேதான் இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி மகன் கணேசன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சித்தப்பா... மேளம் வராதுன்னு நீங்களே இந்தப் பாட்டுக்கு ஏற்பாடு பண்ணுனீங்களா?"

உயர்த்திய முஷ்டியை விரித்துத் தலையைச் சொறிந்துகொண்டேன்.

காதில் ரபீக்: "யாரு பதில் சொன்னது? குழுவில் இல்லாதவங்க சொன்னா செல்லாது, முருகண்ணே."

பதில் சொன்னது அண்ணாச்சியின் மனைவி பேச்சி மதினி. பாடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீரு, கொழுந்தனாரே?"

"மதினி, தெரியாம..."

"கல்யாணமான புதுசுல பேக்டரி விட்டு வரும்போது இந்த மெட்டத்தான் சீட்டியடிச்சிட்டு வருவாரு. மஞ்சுக்குள்ள ஆளு தெரியாது, பாட்டு மட்டும் வரும். அதக் கேட்டுத்தான் ஒலையில அரிசியப் போடுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது. முழுசும் படிச்சு அனுப்பும்."

படித்தேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. புல்லாங்குழல் நடுங்கியது, மணிகள் முன்பின்னாக விழுந்தன. பானெட்டைத் தொடக் கை வரவில்லை. பாடைக் கம்பைப் பிடித்திருந்த யாரோ விரலால் துடுப்புத் தாளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். பல்லவி வந்ததும் மதினியின் உதடு அசைந்தது. பாடையைத் தூக்கினார்கள், நானும் ஒரு தோள் கொடுத்தேன். பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், பனிதான் தெரிந்தது.

வளைவைத் தாண்டவில்லை, இயர்போனில் இன்னும் சிக்னல் இருந்தது. சுகந்தி மூக்கை உறிஞ்சி, "ரபீக் அண்ணா, புள்ளி குடுத்துருங்ண்ணா" என்றாள். "விதி விதிதானே" என்றார் ரபீக். ஒரு மாதம் குழுவில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஊர் மூடவில்லை. அடுத்த வாரமே ஓய்வு பெற்ற ஒரு சூப்பர்வைசர் ஜீப்பை மறித்து, தன்னைத் தூக்கும்போது மோட்டார் சைக்கிள் பாட்டு ஒன்று வேண்டுமென்று சொல்லி வைத்தார். (உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது மனுஷனுக்கு.) அந்தோணி, தனக்கு டிவி செய்திக்கு முன்னால் வருகிற இசை போதும் என்றார். பேச்சி மதினி மட்டும், "எனக்கு அதே பாட்டு வேண்டாம், வேற படியும். புதுப் பாட்டு கேட்டாத்தான் யாருன்னு திரும்பிப் பார்ப்பாரு" என்றார்.

போன பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள். என் மச்சான் இந்தக் கதையை எடுத்துவிட்டு, "எல்லாருக்கும் சரி, இவருக்கு என்ன பாட்டு அக்கா?" என்று செல்வியைக் கேட்டான்.

"இவருக்குப் பாட்டு எதுக்கு?" என்றாள் அவள், வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "வளைவுல எறக்கி வெச்சாப் போதும். சிக்னல் கெடச்சதும் அவரே எந்திரிச்சுப் பதில் சொல்லிருவாரு."