பொடிசு ஆறும் பெரிசு ஆறும்

நாலாவது கம்பியும் உடைந்தது. கவுண்ட்டர் முப்பத்தோராயிரம் சுற்றில் நின்றிருந்தது. வெற்றிச்செல்வி மெஷினை அணைத்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவள் போலக் கைகட்டி நின்றாள்.

உடைய வேண்டியது இதுவல்ல. அவளுடைய நாலு வருஷ ஆராய்ச்சியே பன்னிரண்டு எவர்சில்வர் கம்பிகள்தான். விரல் நீளம், நடுவில் இடுப்பு போல ஒடுங்கல். சூளையில் வைத்த சூட்டைப் பொறுத்து, உள்ளே இருக்கும் படிகங்கள் ஆறு கம்பியில் பொடிசு, ஆறில் பெரிசு. மெஷின் கம்பியை வளைத்து வளைத்துச் சுற்றும். ஒரு கட்டத்தில் அது அலுத்துப்போய் உடையும். பொடிசுதான் அதிகம் தாங்கும் என்கின்றன புத்தகங்கள். இங்கே உடைவதெல்லாம் பொடிசு; பெரிசு பத்து லட்சம் சுற்று ஓடியும் அசையவில்லை.

கம்பிகள் கலந்திருக்க வழியில்லை. பெரம்பலூர் டவுனில் பாலிஷ் போடக் கொடுத்தனுப்பியபோதே, பொடிசு ஆறுக்கும் அடையாளம் வைத்துவிடும்படி லேப் உதவியாளர் சம்பூர்ணத்திடம் சொல்லியிருந்தாள். பிறகு பயம் வந்து, மேலே ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று போனும் போட்டாள். திரும்பி வந்தபோது பொடிசு ஆறின் நுனியிலும் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சு. மற்றபடி கண்ணாடி போல மின்னின.

குற்றம் மெஷினில்தான் என்று அதைக் கழற்றி மாட்டினாள். ஐந்தாவது இருபத்திரண்டாயிரத்தில் போனது. வேகத்தைக் குறைத்தாள். ஆறாவது அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்தது. இனி திரும்பச் செய்து பார்க்கவும் பொடிசு கிடையாது.

உடைந்த துண்டுகளைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஆறிலும் விரிசல் ஒரே மாதிரி இடத்தில் தொடங்கியிருந்தது. அங்கே, பொடிப்பொடிக் குழிகள், சுழித்துச் சுழித்து வரிசையாக. எந்தப் புத்தகத்திலும் இல்லாத குழிகள்.

வழிகாட்டி சிவசுப்பிரமணியன் படத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது புதுசும்மா. நீயே பேரு வையி."

'சுழிவரிசை' என்று வைத்தாள். அதற்கென்றே நாற்பது பக்கம் எழுதி, அச்சடித்து, பைண்டு போட்டு அனுப்பியாகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது. பட்டம் கிடைப்பதும் போவதும் அந்தச் சுழிகளின் கையில்.

வாய்மொழித் தேர்வன்று அரியலூரிலிருந்து அப்பா முத்துவேல் புதுச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் சுழிவரிசை ஆளுயரத்துக்கு நின்றது. வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இந்தக் குழியெல்லாம் எப்படிம்மா வருது?"

"பொடிப் படிகமா இருந்தா தானா வருதுங்க சார். பெரிசுல வரல."

"ஆறுலயும் இதே வடிவமா?"

"ஆறுலயும் சார். அதான் இதோட விசேஷமே."

தேர்வாளர் மெல்லத் தலையாட்டினார். பேனாவைத் திறந்தார். அப்பா மூச்சை விட்டார்.

டீத்தட்டோடு வந்த சம்பூர்ணம் திரைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அட, உன் பேரோட 'வெ' இன்னும் போவலையா பாப்பா? நீ போன் பண்றதுக்குள்ள பாத்திரக்கடைல ஆறுலயும் வெட்டிட்டாங்க, அப்பறம் பாலிஷ்காரர்ட்ட சொல்லி அம்புட்டயும் தேய்ச்சு அழிக்க வச்சனே."