எத்தனை மான்?

வளைகுடாவில் சலாம் சொல்லி முடித்த கையோடு கேட்கிற முதல் கேள்வி ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதுதான். கேட்காதவன் ஊமையாக இருக்க வேண்டும். நான் ஊமை இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தோஹா தொழில்பேட்டையில் ஏசி மெக்கானிக்காக நுழைந்து, இன்று அங்கேயே சொந்தப் பட்டறை நடத்துகிறவன். குளிரை விற்றே பங்களா கட்டியவன்!

நார்வேயின் வடகோடியில் வேலை பார்க்கும் என் மகன் கதிர், அந்தப் பக்கத்துப் பெண் எல்லேயைத்தான் கட்டுவேன் என்றான். பெண் கேட்க நானே கிளம்பினேன்.

“அப்பா, மைனஸ் முப்பது. தாங்குவீங்களா?”

“டேய், கோல்ட் ஸ்டோரேஜுக்குள்ள படுத்து வேலை பாத்தவன்டா!” (இறங்கியதுமே மீசை விறைத்துக்கொண்டது. சொல்லவில்லை.)

காரில் போகப் போக ஆளே இல்லை. பனி, குட்டை மரம், மறுபடியும் பனி. உறைந்த ஆறு ஒன்று வந்தது. அதுதான் எல்லையாம், அக்கரை பின்லாந்து; எல்லேயின் வீடு அங்கேதான். பாஸ்போர்ட்டை நீட்டித் தயாராக இருந்தேன். பாலத்தில் அதை வாங்க ஒரு காக்கா இல்லை. விசா, கையெழுத்துப் போடும் அரபி முதலாளி கஃபீல் என்று பாதி ஆயுளைத் தொலைத்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

எல்லேயின் அப்பா பனிமான் மேய்ப்பவர். அவர்கள் இனத்துக்குப் பெயரே சாமியாம். (கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.) காப்பி கொடுத்தார், பேசவில்லை. எனக்கு மௌனம் ஆகாது. பட்டறை, வண்டி, ஊர் பங்களா எல்லாவற்றையும் அளந்துவிட்டு, சுவரிலிருந்த கொம்பைக் காட்டி அன்பாகக் கேட்டேன்: “பாய், யுவர் மான்... ஹவ் மெனி?”

அவர் குவளையை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

“அப்பா! இங்க அதைக் கேக்கவே கூடாது. பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கேட்ட மாதிரி!”

“அடுத்து அதைத்தான்டா கேக்க இருந்தேன்.”

“போச்சு. கல்யாணம் கலாஸ்.” கதிருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் திரும்பி ஏதோ சொன்னார். எல்லே ஆங்கிலத்தில் சொல்ல, கதிர் தமிழில் சொன்னான்: “முதல்ல உங்க பேங்க்ல எவ்வளவுன்னு கேக்கிறார்.”

பட்டறை லோன். வண்டி லோன். பங்களாவோ நகை லோன். ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, “நைஸ் ஸ்நோ” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தானும் வெளியே கைகாட்டி, “நைஸ் ஸ்நோ” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இரண்டாவது காப்பி வந்தது.

கல்யாணம் நடந்தது. மருமகளுக்குத் தமிழில் ஒரே வாக்கியம்தான் சுத்தமாக வரும். தோஹாவுக்கு வரும்போதெல்லாம், விருந்தாளியிடம் நான் பட்டறைப் பெருமையைத் தொடங்கினால் போதும், சோறு போட்டுக்கொண்டே கேட்பாள்:

“மாமா, எத்தனை மான்?”